முள்ளெடுக்கும் இயேசுவும் பேச்சியின் முகமும்

நீங்கள் இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் உங்களிடம் கேட்பார்: "அப்படியே புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துருவீங்கள்ல?" கேட்பவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். காபி வாங்கிக் கொடுத்திருப்பார். உங்களுக்கும் 'ஆமாம்' என்று சொல்லத்தான் வாய் வரும்.

நான் மதுரைக்காரி. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு நான் போனபோது, "படத்துக்கு ஒட்டுப் போடவா இம்புட்டுப் படிச்ச?" என்று சித்தி கேட்டாள். கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் தாத்தாவின் படத்தைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். பேரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், மீசைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கிருங்க. அவருக்கு நல்ல மீசைதான். வரைஞ்ச ஆளு கஞ்சன்" என்றார். படத்தில் இருக்கிற மீசைக்குத்தான் நான் பொறுப்பு என்று சொல்லித் தப்பித்தேன். இப்படிச் சிரித்துக்கொண்டே மறுக்கிற மாதிரி எல்லா நாளும் வாய்க்காது.

பசை, பஞ்சு, ரசாயனம் எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். வகுப்பில் வராத ஒன்றை நான் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நான் பார்த்த ஒரு வேலை அது.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம் ஒரு பாஸ்டர் போன் செய்தார். சின்ன வயசுக்காரர். பேரையூருக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்தில் அவருடைய சர்ச். கூரை ஒழுகி, பீடத்துக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய படத்தின் முதுகில் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார்.

"சுவத்துல இருந்து எறக்கும்போது பெயிண்ட் உதிர்ந்திருச்சும்மா. தரையில கெடந்தத யாரோ கூட்டிட்டாங்க. ஒரு பிள்ளைக்கு முகமே இல்ல. மார்கழிக்கு முன்னாடி எங்களுக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை, சர்ச் கட்டித் தெறந்த நாளு. எப்படியாவது வாங்க."

போனேன். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் படத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்கும் பெரிய படம். குனிந்து பார்த்தேன்.

இயேசுவையும் குழந்தைகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் கைகளை விரித்திருப்பார், பிள்ளைகள் ரோஜா நிறத்தில் இருப்பார்கள், தூரத்தில் ஆடுகள் மேயும். இந்தப் படத்தில் அவர் ஒரு வரப்பில் உட்கார்ந்திருந்தார். கரிசல் மண். பின்னால் கருவேலங்காடு. பத்து வயசுப் பெண் ஒருத்தி எதிரே உட்கார்ந்து ஒரு காலை நீட்டியிருக்கிறாள். அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் முள் எடுக்கிறார். விரலிடுக்கில் இன்னொரு கருவேல முள். முள்ளை முள்ளால் எடுக்கிறார். தலைமுடி முகத்தில் விழுந்திருக்கிறது, ஒதுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய குதிகாலிலும் வெடிப்பு. பக்கத்தில் ஒரு பையன், முள் தன் காலில் ஏறினது மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான். ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எல்லோரிலும் சின்னவன், மூக்கு ஒழுகும் ஒரு பயல், அந்தப் பெண்ணின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் இல்லை. ரெட்டைச் சடை இருந்தது, ஒரு காது இருந்தது. நடுவில் வெறும் துணி.

வரைந்தவர் பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவராம். கோடை லீவில் வந்து தங்கி, ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைத்து, அசையாமல் இருக்கப் பொரிகடலை கொடுத்து வரைந்திருக்கிறார். கையெழுத்துகூடப் போடவில்லை. எந்தப் பிள்ளை எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று அவர் பார்க்கவில்லை. தெருவில் விளையாடிய பிள்ளைகள் எல்லாம் படத்துக்குள் வந்துவிட்டன.

அன்று மதியம், சர்ச் வாசலில் ஒரு பெரியவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அவரு மாயாண்டி ஐயா. நம்ம சபை இல்ல. படத்துல பாவாடையப் பிடிச்சுட்டு நிக்கிறது அவருதான். முகம் போன பிள்ள அவரோட அக்கா, பேச்சி" என்றார் பாஸ்டர்.

படம் வரைந்த அதே வருஷம் பேச்சி காய்ச்சலில் இறந்துபோனாள். அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அவர்கள் விவசாயக் குடும்பம், காளியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அவர்களுடைய அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்த சர்ச்சுக்கு வந்து, படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுப் போவாராம். அம்மா போன பிறகு மாயாண்டி வர ஆரம்பித்தார். இது ஊருக்கே தெரியும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"உள்ள வாங்க அண்ணே" என்று கூப்பிட்டேன்.

"இருக்கட்டும் தாயி. வேல கெட்டுப்போகும்" என்று அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூஞ்சி வந்துருமா?" என்று கேட்டார்.

"பாக்குறேன் அண்ணே" என்றேன். இந்த வார்த்தையைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். நாம் 'பார்க்கிறேன்' என்றால் கேட்பவர் காதில் 'வந்துவிடும்' என்றுதான் விழுகிறது.

முதல் வேலை, பெயர்ந்து நின்ற வண்ணம் மேற்கொண்டு உதிராமல் பிடித்து நிறுத்துவது. அது முடியும்வரை படத்தை மரச்சட்டத்திலிருந்து பிரிக்க முடியாது. அசைத்தால் இருக்கிறதும் கொட்டிவிடும். பாஸ்டர் வீட்டிலேயே தங்கினேன். இடைவேளையில் ஊரில் விசாரித்தேன். போட்டோ ஏதாவது இருக்கிறதா? இருந்தது, நிறையவே இருந்தது. எல்லாம் கல்யாண போட்டோ. எல்லாவற்றிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் பேச்சியை மறைத்துக்கொண்டு நின்றார்கள். இயேசுவின் தலை மட்டும் மேலே தெரிந்தது. செல்போனில் எடுத்தவற்றில் வெளிச்சம் பட்டு முகம் இருந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. தூரத்தில் இருந்து எடுத்த ஒன்றில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல்.

அந்த முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அழுதுக்கிட்டு இருக்கும்" என்றார் ஒரு அம்மா. "அழுகையெல்லாம் இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கும்" என்றார் அவருடைய வீட்டுக்காரர். "ஏசப்பாவப் பாத்துச் சிரிக்கும்ல?" என்றாள் ஒரு பெண். மூன்று பேரும் பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள். தெளிவான ஒரு போட்டோ கிடைத்திருந்தால் என் வேலை வேறு மாதிரி போயிருக்கும். கிடைக்கவில்லை.

சபையின் செயலாளர் ஜெயராஜ் என்பவர். உரக்கடை வைத்திருந்தார். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடத் தெரியாத ஆள். ஒரு நாள் காலையில் போனை நீட்டினார்.

"மேடம், இதப் பாருங்க. என் மருமகன் அந்த மங்கல் போட்டோவ ஒரு ஆப்புல போட்டான். மூஞ்சிய அதுவே நிரப்பிக் குடுத்துருச்சு."

பார்த்தேன். அழகான முகம். பெரிய கண்கள், கன்னத்தில் வழியும் கண்ணீர். எந்த ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம், அல்லது எந்த ஊர்ப் பிள்ளையும் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் அவர் வாசலுக்குப் போய் மாயாண்டியிடம் காட்டினார். மாயாண்டி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெயில் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவதான். இப்படித்தான் இருப்பா" என்றார்.

ஜெயராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'இதுக்கு மேல என்ன வேணும்?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மறுநாள் இன்னொரு படத்தோடு வந்தார். முந்தின முகம் ரொம்பச் சிவப்பாக இருந்ததாம், அதனால் மாற்றச் சொன்னாராம். இந்த முகம் வேறு. மாநிறம், ஒடுங்கிய கன்னம், இதழோரம் சிரிப்பு. முந்தின பிள்ளைக்கும் இவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதையும் மாயாண்டியிடம் காட்டினார்.

மாயாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமா. இவதான்" என்றார்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பொய் இல்லை. எந்த முகத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் அதற்குள் தன் அக்காவைத் தேடி அவர் கண்டுபிடித்துவிடுவார். அப்படியானால் நான் வரையப்போகிற முகமும் அவருக்கு அக்காதான். தப்பாக வரைந்தாலும் அக்காதான். என் தப்பைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒரு ஆள்கூட இல்லை. இந்த வேலையில் இதைவிடப் பெரிய பயம் எனக்கு வந்ததில்லை.

அன்று சாயங்காலம் சபைக் கமிட்டி கூடியது. ஜெயராஜ் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடத்துமேல எங்களுக்கு மரியாத இருக்கு. ஆனா பண்டிகை நெருங்கிருச்சு. சொந்தத் தம்பியே பாத்துச் சொல்லிட்டாரு. ரெண்டுல ஒண்ண மேடம் வரையட்டும். அவங்களுக்கு முடியாதுன்னா, திருமங்கலத்துல பேனர் போடுற தம்பி ஒருத்தன் இருக்கான். ஒரே நாள்ல முடிச்சுருவான்."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். என் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. 'அவர் ரெண்டு முகத்துக்கும் ஆமான்னு சொன்னாரே, அப்ப எதுதான் நிஜம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். நான் ஜெயித்திருப்பேன். ஆனால் மாயாண்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் ஒரு மனிதர் இத்தனை வருஷம் அக்காவைப் பார்க்க வந்திருக்கிறார். அக்கா முகமே அவருக்கு ஞாபகம் இல்லை என்று ஊருக்கு முன்னால் நிரூபித்துக் காட்ட நான் யார்? படத்தைக் காப்பாற்ற வந்தவள்தான் நான். அதற்காக ஒரு மனிதரை உடைத்துவிட்டுப் போக முடியாது.

"சட்டத்த இன்னும் பிரிக்கல. பிரிச்சுப் பாத்துட்டு என் முடிவச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்றேன். முகத்தில் கோபம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். பாஸ்டர் நாலு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் மாயாண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், வருத்தப்படக் கூடாது. உங்க அக்காவ நெனச்சா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த எடம்தான் தாயி. என்னய இடுப்புலயே வச்சுக்கிட்டுத் திரிவா. இடுப்புல இருக்கவனுக்குக் கழுத்துதானே தெரியும்? எண்ண வாசன ஞாபகம் இருக்கு. காதுல தோட்டுக்குப் பதிலா வேப்பங்குச்சி வச்சுருப்பா, அது ஞாபகம் இருக்கு. மூஞ்சின்னா இந்தப் படந்தான். இதப் பாத்துப் பாத்துத்தான் இதுதான் மூஞ்சின்னு வச்சுருந்தேன். இப்ப கண்ண மூடுனா அதுவும் வர மாட்டேங்குது."

"நான் ஒரு மூஞ்சிய வரைஞ்சா, நாளைக்கு அதுதான் உங்க அக்கா ஆயிரும் அண்ணே. நெசமான பேச்சி போயிருவா. வேற யாரோ ஒரு பிள்ள அந்த எடத்துல உக்காந்துரும்."

"ஒண்ணுமே இல்லாம இருக்குறதுக்கு அது தேவலதானே தாயி?"

உங்களுக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். வரும்போது புத்தகத்தில் படித்த பதிலை எடுத்து வைக்காதீர்கள். எனக்கும் புத்தகப் பதில் தெரியும்: இல்லாததை இட்டுக்கட்டக் கூடாது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் யாரும் இந்தப் படியில் மாயாண்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் காலை சர்ச்சுக்குப் பின்னால் நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க அம்மா முகத்த இப்ப நெனச்சுப் பாரு. என்ன வருது?" என்று கேட்டார்.

நினைத்துப் பார்த்தேன். வந்தது, கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோ. அதே சேலை, அதே பொட்டு, அதே விறைப்பு. அம்மா சிரிக்கிறபோது எப்படி இருப்பாள் என்று எவ்வளவு முயன்றும் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடம் சௌராஷ்டிரத்தில் சத்தமாக ஏதோ வாதாடினேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாயாண்டி நிற்கிறார்.

"வீட்டுக்காரர்கூடச் சண்டையா தாயி? ஒண்ணுமே புரியல."

"சண்டையெல்லாம் இல்ல அண்ணே. எங்க பாஷையே அப்படித்தான். கொஞ்சுனாலும் சண்ட மாதிரிதான் இருக்கும்."

அவர் சிரித்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அப்ப சரி. வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் வந்த பிறகு முதல்முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

சட்டத்தைப் பிரித்தேன். எப்போதோ யாரோ சட்டம் தளர்ந்துவிட்டதென்று அடிப்பக்கத்தில் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அதை மெதுவாகக் கழற்றியபோது, துணிக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் தூசி, பூச்சி இறகு, மெழுகுத் துணுக்கு. அவற்றோடு வண்ணச் செதில்களும் கொஞ்சம் கிடந்தன. எல்லாம் தரையில் விழுந்து குப்பைக்குப் போயிற்று என்று நினைத்திருந்தோம். சிலது இந்தப் பக்கமாக வழுக்கி இறங்கியிருக்கிறது.

அந்தச் செதில்களைப் பொருத்திய வேலையைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அப்பளம் நொறுங்கினால் எப்படி இருக்கும், அதை மறுபடி அப்பளமாக்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேட்ட அவகாசம் முடிகிறவரை தூக்கமும் சாப்பாடும் அரைகுறைதான். பாதிக்கு மேல் எங்கும் சேரவில்லை. சேர்ந்தவை சேர்ந்தபோது ஒரு புருவம் வந்தது. காதுப் பக்கத்துக் கன்னத்தில் ஒரு துண்டு வந்தது. பிறகு ஒரு கண் வந்தது, முழுசாக.

வாய் இல்லை. மூக்கு இல்லை. இன்னொரு கண் இல்லை. அழுதாளா, பல்லைக் கடித்தாளா, சிரித்தாளா என்று ஊரில் நடந்த வழக்கு இனி தீரவே தீராது.

அந்தக் கண்ணைப் பொருத்தியதும் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். முள் குத்தின பிள்ளை எங்கே பார்க்கும்? காலைப் பார்க்கும், இல்லாவிட்டால் முள் எடுக்கிறவரைப் பார்க்கும். பேச்சி இரண்டையும் பார்க்கவில்லை. கண்மணி ஓரத்துக்குப் போய், கீழே இறங்கியிருந்தது. பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறானே, அந்தப் பக்கம்.

சந்தேகத்தில் மூன்று தடவை சரிபார்த்தேன். துணியின் இழை, செதிலின் வெடிப்பு, ஓரங்களின் வளைவு எல்லாம் ஒத்து வந்தன. நமக்குப் பிடித்தமாக ஒன்று வந்து அமையும்போது இன்னும் ஒரு தடவை கூடுதலாகச் சரிபாருங்கள். ஆசை நம் கையைத் தள்ளிவிடும்.

மாயாண்டியைக் கூப்பிட்டேன். கமிட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் அவர்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் வந்து குனிந்தார். மூச்சு படக் கூடாதென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எதையும் காட்டவில்லை, எதையும் சொல்லவில்லை. அவராகப் பார்க்கட்டும் என்று விட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "என்னயவா பாக்குறா?" என்று கேட்டார்.

"கண்ணு அங்கிட்டுத்தான் திரும்பியிருக்கு அண்ணே. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

அவர் நிமிரவில்லை. "எம்புட்டு வருசம் பாத்துருக்கேன். இது தெரியலையே. நான் இந்த மூஞ்சிய முழுசாப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கண்ணு எங்க பாக்குதுன்னு பாக்கல" என்றார்.

முன்பு படம் மெழுகுப் புகை படிந்து இருண்டு கிடந்தது, உயரத்தில் வேறு மாட்டியிருந்தது, யாருக்கும் தெரிந்திருக்காது. அவரைத் தேற்ற அதைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் கமிட்டியில் என் முடிவைச் சொன்னேன். கிடைத்த துண்டுகள் அப்படியே இருக்கும். மீதி இடத்தில் அந்தப் பிள்ளையின் தோல் நிறத்துக்குப் பொருந்துகிற ஒரு அமைதியான வண்ணம் வைப்பேன். கோடு போட மாட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தாது. கிட்டப் போனால், இங்கே ஏதோ தொலைந்திருக்கிறது என்று தெரியும்.

ஜெயராஜ் எழுந்துவிட்டார். "அர மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பண்டிகை கொண்டாட முடியுமா மேடம்? வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளு வாராங்க. சபைக்கு அசிங்கம் இல்லையா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதான் அவர் அந்த சர்ச்சைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணே, நான் உங்க சபை இல்ல. பேச எனக்கு உரிம இல்ல" என்றார் மாயாண்டி. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆனா அது எங்க அக்கா. நீங்க போன்ல காட்டுன பிள்ளைகள நானும் ஆசப்பட்டு அக்கான்னு சொன்னேன். ரெண்டையும் சொன்னேன். இந்தம்மாவுக்கு அது தெரியும். சபையில சொல்லி என்னயக் கேவலப்படுத்தியிருக்கலாம், சொல்லல. இப்ப நானே சொல்றேன். இருக்குறது போதும். அந்தக் கண்ணு அவ கண்ணு."

ஜெயராஜ் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டத்துக்காவது புதுசா பாலிஷ் போடலாம்ல மேடம்?" என்றார்.

"தாராளமாப் போடலாம் அண்ணே" என்றேன். பாஸ்டர் சிரித்துவிட்டார், ஜெயராஜும் சிரித்தார். கூட்டம் முடிந்தது. பாலிஷ் போட ஆள் கூட்டிவந்தது, பக்கத்தில் நின்று ஒரு சொட்டுக்கூடப் படத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டது, எல்லாம் அவர்தான்.

முன்பைவிட ஒரு முழம் தாழ்வாக மாட்டச் சொன்னேன். பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

இந்த வேலையில் முடிவு எடுப்பது என்றால் என்ன என்று நீங்கள் என்னைக் கேட்டால், வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று நான் எதை எதைச் செய்யாமல் இருந்தேன் என்று மட்டும் சொல்வேன். முகம் வரையவில்லை. கூட்டத்தில் ஜெயிக்கவில்லை. கண் எங்கே பார்க்கிறது என்று அவருக்கு நானாக எடுத்துச் சொல்லவில்லை. செய்தது என்று பார்த்தால், கொஞ்சம் அவகாசம் கேட்டேன், சட்டத்தைப் பிரித்தேன், அவ்வளவுதான். அதிலும் அந்தப் பள்ளத்தில் ஒன்றுமே கிடைக்காமல் போயிருந்தால்? இதை என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அப்போதும் வரைந்திருக்க மாட்டேன். ஆனால் மாயாண்டியின் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பண்டிகை அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து, கூட்டம் எல்லாம் பந்தலுக்குச் சாப்பிடப் போய்விட்டது. என் பையை எடுக்க உள்ளே வந்தேன். படத்துக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன. முன் பெஞ்சில் மாயாண்டி, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, இந்தப் பிள்ளைக்கு ஏன் வாய் இல்ல?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"இருந்துச்சு. மழையில போயிருச்சு."

"இது யாரு?"

"எங்க அக்கா."

பிள்ளைகள் படத்தைப் பார்த்தன, அவருடைய நரைத்த தலையைப் பார்த்தன. "சின்னப் பிள்ளையா இருக்கு? உங்களுக்கு எப்படி அக்கா?" என்றான் ஒருவன்.

அவர் குலுங்கிச் சிரித்தார். இத்தனை வருஷமாக முழு முகத்தோடு பேச்சி அந்தச் சுவரில் இருந்தாள். அப்போது அவளை யாரென்று யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

"உக்காருங்க, சொல்றேன்" என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தன. "எங்க அக்கா லேசுப்பட்டவ இல்ல. ஒரு நா கடலக்காட்டுக் காவக்காரரு எங்களத் தொரத்துனாரு பாரு…"

சொல்லச் சொல்ல அவருக்கே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. நடுவில் நிறுத்தி யோசிப்பார், "ஆமா, அன்னிக்குக் கிடாய் ஒண்ணும் கூட வந்துச்சு" என்று சேர்த்துக்கொள்வார். சாப்பிடக் கூப்பிட பாஸ்டர் வீட்டம்மா வாசலுக்கு வந்தார். மாயாண்டி திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி, "செத்த இரு தாயி. இன்னும் முடியல" என்றார்.